அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்கு முதலிடம்?

அல்ஹம்துலில்லாஹ். உயிரைத் தந்தவனும் அவனே, அதைத் திரும்ப எடுப்பவனும் அவனே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது ஆஸ்பத்திரி விவகாரம். பள்ளிவாசலில் இதைப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அகழ் யுத்தத்தில் கையில் அம்பு தைத்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கூடாரம் அடிக்கப்பட்டது மஸ்ஜிதுந் நபவியில்தான். காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்ட ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் என்று ஸீரா நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. நம்முடைய முதல் காயச் சிகிச்சைக் கூடம் பள்ளிவாசலுக்குள்ளேயே இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னை மாதிரி ஒரு நகரத்தில் வாழ்கிறீர்கள். ஒரு ராத்திரி உங்கள் மகன் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். அவன் வலி தாங்காமல் கதறுகிறான். உங்களுக்குப் பிறகு வந்த ஒரு ஸ்ட்ரெச்சரை உங்களுக்கு முன்னால் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதில் படுத்திருப்பவர் ஒரு சத்தமும் போடவில்லை. கூட ஆளும் இல்லை.

அப்போது நீங்கள் போனை எடுப்பீர்களா, மாட்டீர்களா? நம்மில் பலர் எடுப்போம். கவுன்சிலரைத் தெரியும். ஜமாஅத் செயலாளருக்கு அங்கே ஒரு டாக்டரைத் தெரியும். "நம்ம பையன், கொஞ்சம் முன்னாடி பார்க்கச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை பாசமா, அநியாயமா? இதுதான் கேள்வி.

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் கொடுப்பது நீதி. விபத்துச் சிகிச்சையில் அது நீதி ஆகாது. அங்கே 'ட்ரையாஜ்' என்று ஒரு முறை உண்டு. பிரெஞ்சுச் சொல், பிரித்தெடுத்தல் என்று பொருள். நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரேயின் பெயர் இதோடு சேர்த்துச் சொல்லப்படும். காயம் எவ்வளவு கடுமை என்று பார்க்க வேண்டுமே தவிர காயம்பட்டவரின் பதவியைப் பார்க்கக் கூடாது என்று வகுத்தவர் அவர். அதிகாரியின் சிறு காயம் காத்திருக்கும், சிப்பாயின் சிதைந்த கால் முதலில் மேசைக்குப் போகும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்திலும் வருகிறவர்களை இப்படித்தான் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் இப்போதே கை வைக்க வேண்டும். மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம், ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். பச்சை காத்திருக்கலாம்.

சத்தம் போடுகிறவருக்கு ஏன் முதலிடம் இல்லை? கதறுவதற்கு மூச்சுப் பாதை திறந்திருக்க வேண்டும், மூளைக்கு இரத்தம் போக வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பயப்பட வேண்டியது அமைதியானவரைப் பார்த்து. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கும். மண்ணீரல் கிழிந்து அதில் 2 லிட்டர் வயிற்றுக்குள்ளேயே தேங்கிவிட்டால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆள் வெளிறிப் போவார், கை சில்லிடும், வியர்க்கும், கேட்டதற்குப் பதில் குழறும், பிறகு சத்தமே இருக்காது. நெஞ்சில் அடிபட்டு, கசிந்த காற்று நுரையீரலை வெளியிலிருந்து அழுத்தத் தொடங்கினால் நிமிடக் கணக்குதான். உரிய நேரத்தில் ஓர் ஊசியைச் செலுத்திக் காற்றை வெளியேற்றினால் அவரைக் காப்பாற்ற முடியும். தலையில் அடிபட்டவர் சிலர் எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, "எனக்கொன்றும் இல்லை" என்று டீ குடிப்பார்கள். மண்டையோட்டுக்கு அடியில் இரத்தம் கட்டிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் நினைவிழந்து விழுவார்கள். உடைந்த கைக்கு இந்த அவசரம் பெரும்பாலும் கிடையாது. விரல்கள் வெளுத்தால், மரத்தால், எலும்பு வெளியே வந்தால் அது வேறு. அதை உடனே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பின்னிரவில் இருக்கிற அறுவை அரங்கு எத்தனை? ஸ்கேன் இயந்திரம் எத்தனை? மூளை அறுவை நிபுணர் எத்தனை பேர்? ஒருவருக்குக் கொடுத்த பத்து நிமிடம் இன்னொருவரிடமிருந்து எடுத்த பத்து நிமிடம். ஆகவே இது வெறும் ஆஸ்பத்திரி ஒழுங்கு இல்லை, அடியார்களின் ஹக் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்த இடத்தில் யர்மூக் களத்தின் சம்பவம் உங்களுக்கு நினைவு வரும். பயான்களில் பல தடவை கேட்டிருப்பீர்கள். காயம்பட்டுக் கிடந்தவரிடம் தண்ணீர் போகிறது. பக்கத்தில் முனகல் கேட்டதும் "அவருக்குக் கொடு" என்கிறார். அவரும் இன்னொருவரைக் காட்டுகிறார். மூன்றாமவரிடம் போனால் அவர் மவுத்தாகிவிட்டார், திரும்பி வந்தால் இரண்டாமவரும் இல்லை, முதலாமவரும் இல்லை. ஈஸார் என்றால் என்ன என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வோம்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த மூவரும் விட்டுக்கொடுத்தது அவரவருடைய சொந்த ஹக்கை. தண்ணீர் தூக்கிப் போனவருக்கு அந்த உரிமை கிடையாது. ஒருவருடைய பங்கை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அதை ஈஸார் என்று அவர் சொல்லிக்கொள்ள முடியாது. மருத்துவர் நிற்பது அந்தத் தண்ணீர் தூக்கியவரின் இடத்தில். அவர் மீதுள்ள கடமை நீதி, தாராளம் அல்ல. வெளியே காத்திருக்கும் உங்களிடமும் யாரும் ஈஸார் கேட்கவில்லை. மகனின் உயிரை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லவில்லை, அவன் வலியோடு அரை மணி நேரம் காத்திருக்கட்டும் என்கிறார்கள். போன் போடும்போது நீங்கள் எடுத்துக்கொள்வது உங்களுடையது இல்லை, பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய பத்து நிமிடத்தை.

(தண்ணீர்ப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் விபத்து என்றதும் நம் ஆட்கள் முதலில் செய்வது தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றுவது. செய்யாதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டியவருக்கும் அது ஆபத்து. தலையில் காயம்பட்டிருந்த ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று உடனிருந்தவர்கள் சொல்லி, அவர் குளித்து, இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள், தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்று வருந்தினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி இது. நல்லெண்ணம் இருந்தும் அந்த உயிர் போனது.)

சிபாரிசுக்கு வருவோம். சிபாரிசே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. நல்லதற்குப் பரிந்து பேசுகிறவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு, கெட்டதற்குப் பரிந்து பேசுகிறவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்ற கருத்தை சூரத்துந் நிஸாவின் 85ஆம் வசனம் தருகிறது. எது எது என்று பிரித்துப் பார்ப்பது நம் பொறுப்பு. மக்ஸூமிக் குலத்துப் பெண் ஒருவர் திருடி மாட்டிக்கொண்டபோது, குறைஷிகள் பரிந்து பேச யாரைப் பிடித்தார்கள்? நபிகளாருக்கு மிகவும் பிரியமான உஸாமா (ரலி) அவர்களை. நபிகளாரின் முகமே மாறிவிட்டது. உயர்குலத்தாரை விட்டுவிட்டு எளியவரை மட்டும் தண்டித்ததால் முன்னிருந்த சமுதாயங்கள் அழிந்தன என்று சொன்னார்கள். அது தண்டனைச் சட்டம் பற்றிய செய்தி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஆளைப் பார்த்து அளவுகோலை மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த முகமாற்றம் சொல்கிறது.

"எல்லோரும் போன் போடுகிறார்கள், நான் மட்டும் ஏமாளியா?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வசதி படைத்தவர் ஒருவர் குறுக்கே புகுந்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? பச்சையில் இருக்கும் உங்கள் மகன் இல்லை, சிவப்பில் இருக்கும் அந்த ஆள். உங்கள் போன் அவரை இன்னொரு படி பின்னால் தள்ளும். அவருடைய சீட்டில் "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 40" என்று எழுதியிருக்கும். பீகாரிலிருந்தோ ஒடிஷாவிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவராக இருக்கலாம், ராத்திரி சாலையைக் கடக்கும்போது அடிபட்டிருக்கலாம். அவருக்காகப் போன் போட இந்த ஊரில் யாரும் இல்லை. ட்ரையாஜ் முறையைத் தவிர அவருக்கு வேறு சிபாரிசு கிடையாது.

இதைவிடக் கஷ்டமான ஒரு நிலைமை இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டியவன் உங்கள் பிள்ளையை இடித்தான், அவனும் கவிழ்ந்தான். இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் கொண்டுவருகிறார்கள். பிள்ளைக்குக் கால் முறிவு, அவனுக்கு வயிற்றுக்குள் இரத்தக் கசிவு. அரங்குக்கு முதலில் போவது அவன்தான். எந்தத் தகப்பனுக்கு இது பொறுக்கும்? பொறுக்கச் சொல்வதும் எனக்கு எளிதாக இல்லை. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. கார் மோதிய ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் வழக்குகளைப் பார்க்கும் அனுமதி எங்களுக்கு இல்லை என்று ஒரு மருத்துவமனை சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்துபோனார் என்ற பத்திரிகைச் செய்தியிலிருந்து வந்த வழக்கு அது. உயிரைக் காப்பதுதான் மருத்துவரின் முதல் கடமை, அவர் நிரபராதியாக இருந்தாலும் சரி, குற்றவாளியாக இருந்தாலும் சரி, குற்றவாளி பிழைத்தால்தானே சட்டம் அவரைத் தண்டிக்க முடியும் என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது. நம் மார்க்கத்திலும் தீர்ப்புச் சொல்கிற இடம் காழியின் சபை. மருத்துவர் கையில் கத்தி இருக்கிறது என்பதற்காக அவர் காழி ஆகிவிட மாட்டார். அவரை அப்படி ஆக்கிவிட்டால், நாளைக்கு உங்கள் மகன் தவறு செய்துவிட்டு அதே மேசையில் படுத்திருக்கும்போது அவர் என்ன தீர்ப்புச் சொல்வார்?

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? இல்லை. முறை சரியாக இருந்தாலும் மனிதர்கள் அதை இயக்குகிறார்கள், தவறு நடக்கும். பச்சையாக வந்தவர் ஒரு மணி நேரத்தில் சிவப்பாக மாறுவதும் உண்டு. செவிலியர் ஒருவர் முப்பது பேரைப் பார்க்கலாம், நீங்கள் பார்ப்பது ஒரே ஒருவரை. பிள்ளை திடீரென்று அமைதியானால், வாந்தி எடுத்தால், சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டால், மூச்சு வேகமானால் எழுந்து போய்ச் சொல்லுங்கள், ஒரு தடவை கேட்காவிட்டால் இரண்டு தடவை சொல்லுங்கள். அது சிபாரிசு ஆகாது, சாட்சியம். "எங்க ஆளு" என்று சொல்வதற்கும் "இப்போது இப்படி இருக்கிறான்" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் நான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருப்பது. மருத்துவரின் சட்டையைப் பிடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படியே குற்றம்.

சாலையில் விழுந்து கிடப்பவரைத் தூக்கவும் பயப்படாதீர்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது, பெயரைச் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தின் உச்ச வரம்புவரை, இலவசச் சிகிச்சை உண்டு. 108ஐ அழையுங்கள்.

மருத்துவர் உங்களிடம் கேட்கப் போவது கவுன்சிலரின் நம்பரை அல்ல. எத்தனை மணிக்கு அடிபட்டது, எப்படி விழுந்தார், நடுவில் நினைவு தப்பியதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சர்க்கரை உண்டா, இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா. கடைசிக் கேள்வி, தலையில் அடிபட்ட முதியவருக்கு மிக முக்கியம். நம் வீட்டு வாப்பா, உம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்த மாத்திரை அட்டைகளை எடுத்து, பெயர் தெரியும்படி போனில் படம் பிடித்து, வீட்டில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். அஸருக்கு பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிடும்.