வரிசை மாறினால்

மோதல்கள் எந்த வரிசையில் நடந்தாலும் முடிவு ஒன்றே என்று சொல்லும் சமன்பாடு ஒன்று இயற்பியலில் உண்டு. யாங்–பாக்ஸ்டர் சமன்பாடு என்பார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். மாலையில் கோயிலில் திருமுறை ஓதுபவனும்கூட. ஓதுவார் கூட்டத்தில் இதைச் சொல்லப்போக, மூத்தவர் ஒருவர், "அப்ப எந்தச் சமயத்து வழியில போனாலும் ஒண்ணுதான்னு உங்க கணக்கே சொல்லிடுச்சே, வாத்தியாரே!" என்றார். என்னால் தலையாட்ட முடியவில்லை.

ஒரே கோட்டில் மூன்று துகள்கள் ஓடுகின்றன. முதலில் ஒன்றும் இரண்டும் மோதலாம். அடுத்து ஒன்றும் மூன்றும், கடைசியில் இரண்டும் மூன்றும். இந்த வரிசை தலைகீழாகவும் அமையலாம். விளைவு மட்டும் மாறக் கூடாது. 1967இல் சி. என். யாங், குவாண்டம் துகள்களின் மோதலை ஆராய்ந்து இந்த நிபந்தனைக்கு வந்தார். 1972இல் ஆஸ்திரேலியாவின் ராட்னி பாக்ஸ்டர், துகள் எதுவும் ஓடாத புள்ளியியல் இயக்கவியல் மாதிரி ஒன்றுக்குத் தீர்வு காணும்போது அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பொருத்தம் இன்றும் என்னை மலைக்க வைக்கிறது.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. இத்தகைய மோதல்களில் எந்தெந்த உந்தங்கள் உள்ளே போயினவோ அவையேதான் வெளியே வரும். புதிதாக ஒன்றும் பிறக்காது. 2006இல் அமெரிக்காவில் ருபீடியம் அணுக்களை மெல்லிய ஒளிக்குழாய்களில் அடைத்து மோதவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் அவை வெப்பச் சமநிலையை நெருங்கவில்லை. நம் அறைக் காற்றோ அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு மோதலும் மூலக்கூறுகளின் வேகத்தை மாற்றிப் பங்கிடுகிறது, பழைய நிலையின் சுவடு விரைவில் கலைந்துபோகிறது.

மனிதர் வாழ்வில் வரிசைக்கு என்ன இடம் என்று கேட்கும்போது, தேவாரம் பாடிய அப்பரை எண்ணிப் பார்க்கிறேன். சைவத்தில் பிறந்து, சமணத்தில் தருமசேனராகி, சூலைநோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்பியவர் என்கிறது பெரியபுராணம். வரிசையை மாற்றுங்கள்: நோய் முன்னே, சமணம் பின்னே. நாம் ஓதும் தேவாரம் கிடைத்திருக்குமா?

வரிசை பொருட்டில்லை என்றால், சந்திப்பு யாரையும் உள்ளூர மாற்றவில்லை என்றே ஆகும். சமயங்கள் ஒன்றா, வேறா என்று அந்தச் சமன்பாடு சொல்லாது. ஆனால் அதைச் சாட்சிக்கு அழைப்பவர், மனம் மாறுதல் என்ற ஒன்றையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். மூத்தவரிடம் அதைத்தான் சொன்னேன்.