கணக்கும் கண்காணிப்பும்

கண்ணால் காணாத ஒன்றைக் கணக்கினால் அறிந்தோம் என்று உரைத்தல் தகுமா? இவ்வினாவை அணு உலையைக் கொண்டு ஆராய்வோம்.

நீரால் குளிர்விக்கப்படும் உலையில் பெருங்குழாய் உடையுமாயின், நீர் ஆவியாகி வெளியேறும். அணுப்பிளவு நின்ற பின்னரும் வெப்பம் நிற்பதில்லை. முழு ஆற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு தொடக்கத்தில் எஞ்சி, மெல்லத் தணியும். நெருப்பை அணைத்த பின்னும் கொதிகலன் சுடுவதை ஆலைத் தொழிலாளர் அறிவர். இங்கோ பழைய சூடு மட்டுமன்று, புதிய வெப்பமும் பிறந்துகொண்டே இருக்கும். ஆதலின் அவசர நீர் பாய்ச்சும் ஏற்பாடு உண்டு. அது போதுமா என்றறிய, ஊருக்கு மின்சாரம் தரும் உலையை உடைத்துப் பார்க்க எவர் துணிவர்? ஆகவே கணிப்பொறிக்குள் ஒரு நிழல் உலையை அமைத்து, அதன் குழாயை உடைத்துப் பார்க்கின்றனர்.

இது நன்முயற்சியே. ஆயினும் நிழல் ஒருபோதும் பொருளாகாது. 1970ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஐடஹோவில், மின்சாரத்தால் சூடேற்றிய சிறு மாதிரி ஒன்றில் சோதனை நடத்தினர். பாய்ச்சிய அவசர நீர் சூடான நடுப்பகுதியை அடையாமல், உடைப்பின் வழியே வெளியேறிற்று. எதிர்பார்ப்பு பொய்த்தது; கடும் விவாதம் எழுந்தது. பின்னர் அங்கேயே ‘லாஃப்ட்’ என்னும் சிறிய உண்மை உலையில் சோதித்துக் கணக்குகளை ஒப்பிட்டனர்.

1979 மார்ச் 28 அன்று திரீ மைல் ஐலண்டில் உடைந்தது பெருங்குழாயன்று. ஓர் அடைப்பிதழ் மூடாமல் நின்றது. மூடுமாறு கட்டளை சென்றதையே விளக்கு காட்டிற்று. அது மூடியதா என்பதைக் காட்டவில்லை. நீர் மிகுந்துள்ளதென எண்ணிய பணியாளர் அவசர நீரைக் குறைத்தனர். உலையின் நடுப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. பெரும் உடைப்பையே மிகுதியாகக் கணக்கிட்டிருந்தவர்கள், அதன் பின்னரே சிற்றுடைப்பையும் மனிதரின் மயக்கத்தையும் ஊன்றி ஆராயலாயினர்.

அங்ஙனமாயின் கணக்கை எறிந்துவிடலாமோ? ஆகாது. கணக்கின்றி நடப்போன் இருளில் நடப்போனே. ஆனால் கேட்ட கேள்விக்கே கணிப்பொறி விடை தரும். கேளாத கேள்வியைத் தானே எழுப்பாது. அக்கேள்வியை எழுப்புவது மனிதனின் கடமை.

மேலும், கணக்குத் தவறின் துன்புறுவோர், அதைப் படித்தறிய இயலாத சுற்றுப்புற மக்களே ஆவர். ஆதலின் கணித்தவன் முடிவை மட்டும் கூறுதல் போதாது. எதை ஊகித்தான், எதைச் சோதித்தான், எதை விட்டான் என்பவற்றையும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் உரைத்தல் வேண்டும். தன் அறிவின் எல்லையை மறைப்போன், பொய்யே உரையாவிடினும், பிறரை ஏமாற்றியவனே ஆவான்.