இரவில் வந்த நோயாளர்

சைவப் பாடசாலை ஆசிரியர்களே!

சூலைநோயால் வருந்திய மருணீக்கியார், பாயையும் கமண்டலத்தையும் பீலியையும் விடுத்து, வெண்டுகில் உடுத்து, எவரும் அறியாவண்ணம் இரவிலே திருவதிகைக்கு வந்தார். பகலில் வாராமைக்குக் காரணம் நாணமும் அச்சமுமே என்க. தமக்கையாராகிய திலகவதியார் அவரை வைதார் என்று சேக்கிழார் கூறினாரல்லர். அறியாது துயருற்றீர், எழுந்திரும் என்ற கருத்துப்பட மொழிந்து, திருநீறு அளித்து, திருவலகும் தோண்டியும் கைக்கொண்டு விடியுமுன் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார்.

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களில், கசிப்பினாலோ ஐஸ் என்னும் நஞ்சினாலோ பற்றப்பட்ட ஒருவன் இந்நாளில் யார் வாயிலுக்கு இரவில் வருவான்?

உதவி அறவே இல்லையென்பது பொருந்தாது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உளர். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. ஆயினும் அச்சபை நெடுங்காலமாக நடத்திவரும் விடுதிச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய தூரவிடங்களில் உள்ளன. வெருகலில் வலைவீசி உண்பவன் கூலியை இழந்து அவ்வளவு தூரம் போவது எளிதோ? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பட்டினத்துக்குப் போவது எளிதாயிற்று. மனநலப் பிரிவின் வாயிலில் ஊரார் கண்டுவிடுவர் என்னும் அச்சத்துக்கோ பாலம் இல்லை.

ஈண்டு ஒன்றை வற்புறுத்துகின்றோம். குடியனைக் கோயிலுக்கு இழுத்துச் சென்று, கர்ப்பூரத்தின்மேற் சத்தியம் வாங்கி, அன்றே நிறுத்துவித்தலை நம்மவர் பெரும்புண்ணியமாகக் கருதுகின்றனர். பன்னாளாக மிகக் குடித்தவன் திடீரென நிறுத்துவானாயின், கைந்நடுக்கமும் வியர்வையும் தோன்றி, இரண்டு மூன்று நாளுள் வலிப்பும் சித்தமயக்கமும் வரலாம். உயிர் போதலும் உண்டு. அங்ஙனம் நேரின், சத்தியத்தை மீற எண்ணியமையால் வந்த தெய்வதண்டனை என்று அயலார் பேசுவர். எத்துணைக் கொடுமை! முதலில் வைத்தியர், அவர் மேற்பார்வையிலே நிறுத்துதல், சத்தியம் பின்னர் ஆகுக.

இதனை ஏன் உங்களுக்கு எழுதுகின்றோமெனின், வீட்டு நிலையை முதலில் அறிபவர் நீங்களே. கொப்பி வாங்காது வரும் பிள்ளை, திங்கட்கிழமைதோறும் வாராத பிள்ளை, பாடசாலை வாயிலில் ஏதோ கேட்க வந்து கேளாமலே திரும்பும் தாய் ஆகிய இவர்களை வைத்தியரும் உத்தியோகத்தரும் காண்பதில்லை. அத்தாயைத் தனியே இருத்திக் கேளுங்கள். கேட்டதை ஆசிரியர் அறையிற் பேசாதிருத்தல் வேண்டும். அங்குப் பேசப்பட்டது மாலைக்குள் சந்தைக்குப் போய்விடும். தந்தை உடன்பட்டால், உத்தியோகத்தரிடம் நாள் குறித்து, அவரோடு நீங்களும் பேருந்தில் ஏறுங்கள். முகவரி எழுதிய துண்டை மட்டும் கொடுத்தனுப்பினால், அவர் இடைவழியில் இறங்கிவிடுதலும் கூடும்.

சிகிச்சை பெற்றவர் மீண்டும் குடித்தலும் உண்டு. அந்நோயின் இயல்பு அது. அப்பொழுதும் அவர் இரவிலேயே வருவார், கதவைத் திறவுங்கள்.