வினையும் திருகாணியும்

அக்காவின் முதுகுக்கு ஒபரேஷன் என்று முடிவானதும் தேயிலைத் தோட்ட லயத்துப் பெரியவர் ஒருவர், "வினைய அனுபவிச்சுத்தாம்மா தீக்கணும். கத்தி வச்சா அடுத்த பிறவிக்குப் போயிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வெலிமடைப் பிள்ளைகளுக்குச் சமயம் படிப்பித்த எனக்கு அது பொறுக்கவில்லை.

பிராரத்தம், அதாவது இந்தப் பிறவியில் பலன் தரும் வினை, அனுபவித்தே கழியும் என்று சைவ சித்தாந்தம் சொல்வது உண்மை. தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) எல்லாம் உயிர் கரையேற இறைவன் தந்தவை என்பதும் அதே சித்தாந்தம்தான். தந்த உடம்பு பழுதானால் திருத்தக்கூடாது என்று எங்கே இருக்கிறது?

அக்கா கொழுந்தெடுத்தவள். கூடைக் கயிறு உச்சந்தலையில், கால் சரிவில், இடுப்பு எந்நேரமும் வளைந்தபடி. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ, குறைந்தால் அரைப்பேர். அந்தப் பாரத்தைப் போன பிறவிக் கணக்கில் எழுதிவிட்டால், இந்தப் பிறவியில் தராசு பிடித்தவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அலகு குத்திக் காவடி எடுப்பவர் வலியைத் தானே கேட்டு வாங்குகிறார், கோயிலைச் சுற்றி வந்ததும் அலகைக் கழற்றுகிறார். மலையில் அவளுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.

நான்காம் இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதின் மேல் முன்னே நழுவி நரம்பை நெரித்திருந்தது. முன்பெல்லாம் நடுமுதுகைக் கீறித் தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவார்கள். இப்போது இரு பக்கமும் சிறு கீறல்கள். ஒன்றைவிட ஒன்று பெரிதான குழாய்களைச் செருகித் தசையை விலக்கி, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே திருகாணி போடுகிறார்கள். அந்த எலும்புகளுக்கிடையே கெட்டுப்போன தட்டின் இடத்தில் ஒரு சிறு கூடும் எலும்புத் துகளும். இரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். வருடங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டு முறையிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

என்னை உருக்கியது வேறொன்று. திருகாணி எலும்பை ஒட்டுவதில்லை, அசையாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுவது எலும்பு தானாக, மாதக்கணக்கில். 1911இல் நியூயோர்க்கில் ஹிப்ஸ், அல்பீ என்ற வைத்தியர்கள் காசநோய் அரித்த முதுகெலும்புகளை இணைத்தபோது திருகாணியே கிடையாது; எலும்போடு எலும்பை வைத்துக் காத்திருந்தார்கள். வைத்தியர் இடம் செய்து கொடுக்கிறார், வளர்வது அருளால். அதனால்தான் கத்தியும் நேர்த்திக்கடனும் எனக்கு எதிரெதிராகத் தெரியவில்லை.

எல்லா முதுகுவலிக்கும் கத்தி வேண்டாம். பெரும்பாலானவை தானாக அடங்கும். ஆனால் கால் மரத்து, நடை தளர்ந்தால் முருகனுக்கு நேர்ந்துவிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே போங்கள். வினை என்று சொல்லி யாரையும் லயத்தில் படுக்க வைக்காதீர்கள்.