கடன்பட்டவரே சந்ததி

வியத்நாமின் நடுப்பகுதியில், வாசனை நதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் ஹுவே நகரம், 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்களின் தலைநகராக விளங்கியது. அதன் கோட்டையையும் அகழியையும் அரண்மனை வாயில்களையும், சுற்றுப்புறக் குன்றுகளின் இடையே அரசர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட சமாதித் தோட்டங்களையும் காணச் செல்பவர்கள், நகரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த தாஞ் தோவான் என்னும் சிற்றூருக்கும் ஒரு பொழுது சென்று வருவதுண்டு. அங்கே கோட்டையுமில்லை, கோபுரமுமில்லை. வாய்க்காலின் குறுக்கே ஓடு வேய்ந்த மரப்பாலம் ஒன்று நிற்கிறது. ஆயினும், இறந்தபின் மனிதனிடத்தில் எஞ்சுவது யாது, அது யார் கையில் எஞ்சுகிறது என்ற பழைய கேள்வியைச் சமாதித் தோட்டங்களைக் காட்டிலும் அந்தப் பாலமே தெளிவாக நம் முன் வைக்கிறது என்பது என் எண்ணம்.

கீழே பாலமும் மேலே வீடுமாக அமைந்த கட்டடம் அது. ஏழு கட்டுகளாகப் பிரிந்த அதன் இருமருங்கிலும் மர இருக்கைகள் ஓடுகின்றன. நண்பகல் வெயிலில் வயலிலிருந்து கரையேறும் உழவர் அங்கே அமர்ந்து இளைப்பாறுகின்றனர். முதியவர் சாய்ந்து உறங்குகின்றனர். பெண்கள் கூடையை இறக்கி வைத்து ஊர்ச்செய்தி பேசுகின்றனர். நடுக்கட்டில் ஒரு பீடம் இருக்கிறது. அப்பீடத்தில் வழிபாடு பெறுபவள் பௌத்தத் தெய்வமுமல்லள், அரசகுலத்துத் தேவியுமல்லள். 1776-ஆம் ஆண்டில் தன் பொருளைக் கொடுத்து அப்பாலத்தைக் கட்டுவித்த திரான் தி தாவோ என்னும் மானிடப் பெண்ணே.

அவள் உயர்பதவி வகித்த அதிகாரி ஒருவரின் மனைவி. செல்வத்துக்குக் குறைவில்லை, குழந்தைப்பேறு மட்டும் வாய்க்கவில்லை. வியத்நாமியச் சமூகத்தில் இக்குறை எத்தகையது என்பதை அறிய, அந்நாட்டில் முன்னோர் வழிபாடு பெற்றுள்ள இடத்தை நினைக்க வேண்டும். பௌத்தரானாலும் வேறெந்த நெறியினரானாலும் பெரும்பாலோர் வீட்டில் முன்னோர்க்குரிய பீடம் ஒன்று உண்டு; ஊதுவத்தி ஏற்றுவதும், இறந்த நாளில் ஆண்டுதோறும் உணவு படைத்து உறவினரைக் கூட்டி விருந்திடுவதும் பிள்ளைகளின் கடமை. அக்கடமையைச் செய்ய யாருமில்லாத உயிர்கள் பசியோடு அலைவதாகக் கருதி, ஏழாம் சந்திர மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி அவற்றுக்கென்று வாசலில் கஞ்சியும் பொரியும் வைப்பர். 1885-இல் பிரெஞ்சுப் படையிடம் தலைநகர் வீழ்ந்தபோது பேரற்று மடிந்தவர்களுக்கும், ஹுவே மக்கள் ஐந்தாம் சந்திர மாதத்து இருபத்துமூன்றாம் நாளை ஒட்டி இன்றும் தெருவோரங்களில் படையலிடுகின்றனர். இத்தகைய நம்பிக்கையின் நடுவே வாழ்ந்த பெண்ணொருத்திக்குப் பிள்ளையின்மை என்பது முதுமையின் தனிமை மட்டுமன்று. மரணத்துக்கு அப்பாலும் நீளும் அநாதைநிலை.

அந்த அச்சத்தை நீக்கிக்கொள்ள அவள் ஒரு கோயிலை எழுப்பியிருக்கலாம். பெரிய கல்லறை ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால், நாடு உள்நாட்டுப் போரில் அல்லலுற்று, ஹுவே நகரமே படையெடுத்து வந்தவர் கையில் இருந்த அக்காலத்தில், வாய்க்காலைக் கடக்க முடியாமல் அவதிப்பட்ட தன் ஊராருக்குப் பாலமும், வழிப்போக்கருக்கு நிழலும் அமைத்துத் தந்தாள். அதே 1776-இல் லே ஹியென் தோங் என்ற பேரரசர் அவளைப் பாராட்டி, அவ்வூரார்க்குப் பல வரிகளை நீக்கினார். 1925-இல் காய் திஞ் மன்னர் அவளுக்குப் பாலத்திலேயே பீடமமைத்து வழிபடுமாறு ஆணையிட்டார். வெள்ளமும் புயலும் பாலத்தைச் சிதைத்தபோதெல்லாம் பின்வந்தோர் அதைச் செப்பனிட்டு நிறுத்தினர்.

இதே ஹுவேயின் புறத்தே, பிள்ளையில்லாத இன்னொருவரின் நினைவுச் சின்னமும் உண்டு. 1847 முதல் 1883 வரை ஆண்ட து துக் மன்னர், நூற்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தும் மகப்பேறு இல்லாதவர். உடன்பிறந்தாரின் மக்களையே சுவீகாரம் கொண்டவர். மறைந்த அரசனின் வரலாற்றை அவன் மகன் எழுதிக் கல்லில் பொறிப்பது அவ்வம்சத்தின் வழக்கம். தம் தந்தைக்கு அக்கடனை ஆற்றிய து துக், தமக்கு அதை ஆற்ற மகனில்லாமையால் தம் கல்வெட்டைத் தாமே எழுதினார். ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துகள் கொண்ட, இருபது டன் எடையுள்ளது எனப்படும் அந்தக் கல்லில், தம் உடல்நலிவையும், ஆட்சியில் நேர்ந்த தவறுகளையும், நாட்டின் பகுதிகள் அந்நியர் கைக்குப் போன துயரத்தையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அரசனொருவன் தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட அந்த நேர்மை வணக்கத்துக்குரியது. ஆனால் 1864-இல் தொடங்கிய அத்தோட்டத்தின் கட்டுமானத்தில் வாட்டி வேலை வாங்கப்பட்டவர்கள், 1866-இல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளையே ஆயுதமாக ஏந்தி அரண்மனைமேல் பாய்ந்தனர் என்பதும், அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின்னரே பணி நிறைவேறியது என்பதும் வரலாறு. மன்னரின் நினைவைக் கல் சுமக்கிறது. அக்கல்லை ஒருகாலத்தில் மக்கள் விருப்பமின்றிச் சுமந்தனர். அதிகாரியின் மனைவியுடைய நினைவையோ, சுமை இறக்கி இளைப்பாறுகிறவர்கள் காத்து வருகிறார்கள்.

அரண்மனையில் பணிபுரிந்த அண்ணகர்களும் இதே துயரை உணர்ந்தவர்கள். தமக்குப் படையலிடப் பிள்ளைகள் பிறக்க வழியில்லை என்பதை அறிந்த அவர்கள், நகருக்கு அருகிலுள்ள து ஹியூ என்னும் பௌத்த ஆலயத்தைப் பெரிதாக்கப் பொருள் வழங்கினர்; அவர்களுடைய கல்லறைகள் இன்றும் ஆலய வளாகத்தில் உள்ளன. குடும்பத்தைத் துறந்த பிக்குகள் குடும்பம் மறுக்கப்பட்டவர்களுக்காகச் சூத்திரம் ஓதினார்கள். பதினாறு வயதில் அதே ஆலயத்தில் சேர்ந்து, உலகெங்கும் அறியப்பட்ட ஆசாரியராகி, 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கேயே உயிர்நீத்த திக் நியாட் ஹாஞ், தமக்கு ஸ்தூபி எழுப்ப வேண்டாம் என்று சொல்லிச் சென்றார். நிலையான ஆத்மா என ஒன்றில்லை, நம்முடையவை என்று சொல்லத்தக்கவை நம் செயல்களே, அவற்றிலேயே நாம் தொடர்கிறோம் என்பது அவர் போதித்த பௌத்தம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். திரான் தி தாவோவும் பலனை நாடித்தானே கொடுத்தாள்? பிள்ளை வரம் வேண்டியோ, இறந்தபின் நினைவு வேண்டியோ செய்த தானம் நிஷ்காம கர்மமாகுமா? அரசாணையும் வரிவிலக்கும் தூண்டியிராவிட்டால் ஊரார் வணங்கியிருப்பார்களா? இக்கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது. அவளுடைய உள்ளத்தைச் சோதிக்கும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் உள்ளத்தின் விருப்பம் எதுவாயினும், செயல் கையைவிட்டு நீங்கியபின் பிறருடைய தேவையில் கலந்துவிடுகிறது. ஊற்று எந்த மலையில் பிறந்தது என்று கேட்டு யாரும் தாகத்தைத் தணித்துக்கொள்வதில்லை. அரசாணையைப் பற்றியும் இதுவே கூறத்தக்கது: ஆணை பிறப்பித்த வம்சங்கள் மறைந்தன, விலக்களிக்கப்பட்ட வரிகளும் அவற்றோடு மறைந்தன, பாலத்தைக் கடக்கும் தேவையும், கடந்தவரின் நன்றியும் மட்டும் மறையவில்லை. ஆணையால் ஒரு பீடத்தை அமைக்கலாம். அதன்முன் அன்றாடம் ஊதுவத்தி எரிவதற்கு ஆணை போதாது.

ஆகவே சந்ததி என்பதன் இலக்கணத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இரத்தத்தால் தொடர்வது ஒரு சந்ததி; அது இயற்கையின் கொடை, அதனால் நம் பெருமைக்கு உரியதன்று. பெற்ற உதவியால் கடன்பட்டு, அக்கடனை மறவாதிருப்பது இன்னொரு சந்ததி. அது தர்மத்தால் உண்டாவது, எவர்க்கும் எந்த வயதிலும் வாய்க்கத்தக்கது. இறந்தோரை நினைப்பது உயிரோடிருப்போரின் கடமை என்ற முன்னோர் வழிபாட்டின் கொள்கையையும், தனியான ஆத்மாவைப் பற்றிக் கொள்ளாதே என்ற பௌத்தத்தின் கொள்கையையும் முரண்பட்டவையாக நினைப்பவர்க்கு, தாஞ் தோவானில் அவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வது புலப்படும்: நினைப்பவர் கடமையை ஆற்றுகிறார், நினைக்கப்படுபவள் தன் பெயரைவிடத் தன் செயலாகவே நிலைபெறுகிறாள்.

பிள்ளையில்லாதவர்க்கு இது ஆறுதலாகும். ஆனால் இது பிள்ளையுள்ளவர்க்கே இன்னும் அவசரமான செய்தி. நமக்குப் பின் நம் பெயரைச் சொல்ல மக்கள் இருக்கிறார்கள் என்ற நிம்மதியில், நம் குடும்பத்துக்கு வெளியே யாரும் நமக்குக் கடன்படாமலே வாழ்ந்து முடித்துவிட நம்மால் முடியும். திரான் தி தாவோவுக்கு அந்த நிம்மதி இல்லாமற்போனதால் ஓர் ஊர் முழுவதும் பயன் பெற்றது. அது இருப்பவர்களும், இல்லாதவளைப் போல் கொடுக்கக் கற்றுக்கொள்வதே அவளுக்குச் செய்யத்தக்க உண்மையான வழிபாடு.