மூன்றாவது பொத்தான்

பன்னிரண்டு அங்குல உயரமுள்ள பொம்மைச் சிப்பாய் ஒருவனுடைய சட்டையில் மூன்றாவது பொத்தான் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி, எழுபதைக் கடந்த ஒருவன் இரவில் விழித்திருந்து யோசிக்கத் தக்க விஷயந்தானா என்று யாரேனும் கேட்டால், தக்க விஷயமே என்றுதான் பதில் சொல்வேன். சில மாதங்களாக அந்தப் பொத்தான் என்னை விட்டுப் போகவில்லை.

சிவகாசியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு; லித்தோ அச்சகத்தில் வர்ணம் பிரிக்கும் வேலையிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். மத்தாப்புப் பெட்டியின் லேபிளில் சிவப்பு ஓர் இழை விலகிப் பதிந்திருந்தாலும் கண்டு சொல்லிவிடும் அந்தக் கண்களை, இப்பொழுது அவர் போர்வீரர் உருவங்களைத் திருத்தியமைப்பதில் செலவிடுகிறார். மனித உடலில் ஆறில் ஒரு பங்கு அளவு, மூட்டுக்கு மூட்டு மடங்கும் அங்கங்கள், கழற்றி மாட்டக்கூடிய துணியுடுப்பு என்று 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி வெளியிட்ட ஜி.ஐ. ஜோவோடு தொடங்கிய இவ்வகை உருவங்கள், பிற்பாடு ஹாங்காங் கம்பெனிகளின் கையில் சரித்திர நுட்பம் மிகுந்த ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டன. ஆனால் விற்பனைக்கு வருபவற்றில் ஜெர்மானியரும் அமெரிக்கருமே மலிந்திருக்கிறார்கள். நம் சீமைச் சிப்பாய் ஒருவனை, அதுவும் மதராஸ் ரெஜிமெண்டின் சிப்பாயைப் பர்மாப் போர்முனைக் கோலத்தில் செய்துவிட வேண்டும் என்பது நண்பருடைய நெடுநாள் சங்கற்பம். 1758-ல் வேர் கொண்ட அந்தப் படையின் பழைய பட்டாளங்களை, தெற்கத்தியர் போருக்கு ஏற்ற ஜாதியார் அல்லர் என்ற அபிப்பிராயத்தின் பேரில் முதல் உலக யுத்தத்துக்குப் பின் கலைத்துவிட்ட சர்க்கார், ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்த 1942-ல் அதே தெற்கத்தியரைத் தேடி வந்து ரெஜிமெண்டை மறுபடியும் எழுப்பியது என்பதை அவர் சொல்லும்போது, நெடுங்காலத்து அவமதிப்பு ஒன்றுக்குத் தாமே பரிகாரம் செய்ய முனைந்தவர்போலக் குரல் தடித்துவிடும்.

அவருடைய சிரத்தையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்நிய உடலின் அகன்ற தோள்களை அரத்தால் ராவினார். கால்களைச் சிறிது அறுத்துக் குறைத்தார். மூக்கை எம்-சீல் வைத்து நம் ஊர் மூக்காக்கினார். புதுக் காக்கித் துணியை வெட்டித் தைத்தால் அந்தச் சிறிய அளவில் அதன் இழை சாக்குத் துணியைப்போல் தடித்துத் தெரியும் என்பதால், பல காலம் துவைத்து நைந்த மல் வேட்டி ஒன்றைத் தேடி எடுத்து, முதலில் காக்கியிலும் பிறகு பச்சையிலும் தோய்த்தார். காட்டுக்கு ஏற்ற பச்சை உடுப்பு போதிய அளவு வந்து சேருமுன், கைவசம் இருந்த காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கிப் படைகளுக்கு வழங்கினார்கள் என்று அவர் படித்திருந்தார். பச்சைக்கு அடியில் காக்கி மங்கலாகத் தெரிய வேண்டும், தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும் என்று நாலைந்து துணிகளைப் பாழாக்கினார். சட்டையின் பொத்தான்கள் பழுப்பு நிறம். விட்டம் 2 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் நான்கு துளைகளை ஊசிமுனையால் குத்தியிருந்தார்.

அந்த உருவத்தைப் பார்ப்பதற்குத்தான் சாத்தூர்ச் சாலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டி வந்தாள். அவளுடைய தகப்பனாரின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் நண்பர் முகத்தைத் திருத்தினார். பர்மாவுக்குப் போன தகப்பனார் திரும்பவில்லை; அப்பொழுது அவள் தொட்டிலில் கிடந்தவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உருவத்தைக் கையில் வாங்காமலே, மேஜையைச் சுற்றி வந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. மூணாவது பொத்தான் மட்டும் வெள்ளையால்ல இருக்கணும்?”

தகப்பனார் லீவில் வந்தபோது அவர் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்திருந்ததாம். அவள் தாயார் தன் சகோதரனுடைய வெள்ளைச் சட்டையிலிருந்து ஒன்றை வெட்டியெடுத்து அந்த இடத்தில் தைத்துக் கொடுத்தாளாம். விருதுநகரில் போட்டோ எடுத்துக்கொண்டது அதற்கு மறுநாள். உண்மைதான், அந்தப் புகைப்படத்தில் மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிட வெளுத்துத் தெரிகிறது. நண்பர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தார். படத்தின் பழுது என்று விட்டுவிட்டார்.

“ஆச்சி, அது வேற சட்டை. போட்டோவுல இருக்கறது காக்கி. பர்மாவுல போட்டது பச்சை” என்று நண்பர் மெதுவாகச் சொன்னார்.

“சட்டை எதுவா இருந்தா என்ன தம்பி, ஆளு ஒண்ணுதானே?” என்றாள் அவள்.

நண்பர் பக்கத்து நியாயத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. பட்டாளத்துக்குத் திரும்பிய மறுநாளே சாமான் பரிசோதனையில் அவல்தார் அந்த வெள்ளைப் பொத்தானை அறுத்தெறியச் செய்திருப்பார். தவறி அது தப்பியிருந்தாலும், காட்டுக்குப் போகும்போது கொடுத்த உடுப்பு வேறு. வெள்ளைப் பொத்தான் வெயிலில் பளிச்சிட்டு எதிரிக்கு இலக்காகும் என்பதைச் சிப்பாயே அறிவான். ஆகவே பச்சைச் சட்டையில் வெள்ளைப் பொத்தான் என்பது ஒரு காலத்திலும் ஓர் இடத்திலும் இருந்திராத வஸ்து. அதைத் தைத்தால், இத்தனை பிரயாசைப்பட்டு எழுப்பிய சத்தியத்தின் நடுமார்பில் ஓர் அசத்தியத்தைத் தைத்ததாகும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், தாயின் வாய்வழியாக ஒரு மகளுக்கு வந்து சேர்ந்த தகப்பன் என்ற ஆஸ்தி முழுவதும் அந்த ஒரு பொத்தானில்தானே இருக்கிறது என்ற எண்ணம் எழுந்து வந்து என்னைத் தடுக்கிறது.

நான் விருதுநகரில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் பெண்கள் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். பயல்கள் நாங்கள் தீப்பெட்டிப் படம் சேர்ப்போம். தகர பிஸ்டலில் சுருள் கேப்பைச் செருகி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு திரிந்த அந்த நாட்களில், 1965 யுத்தம் வந்தது. யுத்தத்தோடு ‘ஜெய் ஜவான் ஜெய் கிசான்’ காலண்டர்களும் வந்தன. கோவில்பட்டி கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வ உருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் வீடுதோறும் கொண்டு சேர்த்த காலம் அது. எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த ஜவானுடைய முகத்துக்கும் பக்கத்துச் சுவரில் இருந்த முருகனுடைய முகத்துக்கும் மீசை ஒன்றே வித்தியாசம். அந்த முகத்தையே உற்றுப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, தெருக்கோடியில் குடியிருந்த உண்மையான பழைய பட்டாளத்துக்காரர், அம்மைத் தழும்பும் ஓயாத இருமலுமாக ரேஷன் கடைக்குப் போய்வந்த மனிதர், சிப்பாயாகவே தோன்றவில்லை. காலண்டர் ஜவானுடைய துப்பாக்கி எந்தக் கையில் இருந்தது என்று இன்றும் சொல்வேன். தெருக்கோடிக்காரரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் தழும்புகள் மட்டும் வருகின்றன.

இதைச் சொல்லும்போது, எப்போதோ படித்துப் பாதி மறந்த ஒரு புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கைப் போர்களில் கும்பினிப் படையோடு இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, எழுதி 1830-ல் வெளியிட்ட ராணுவ நினைவுகள் அது. சமாதான காலத்தில் சின்ன மருதுவோடு சிநேகமாக இருந்து, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று வெல்ஷ் நன்றியோடு எழுதுகிறார். பிறகு அதே மனிதர் வேட்டையாடப்பட்டதையும் தூக்கிலிடப்பட்டதையும் எழுதுகிறார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, இன்னும் பலரோடு 1802-ல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டான். 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, உடல் தளர்ந்த ஒருவன் அவர் முன் வந்து நின்றான். இன்னார் என்று சொன்ன பிறகே அடையாளம் தெரிந்தது. வளரியை அத்தனை துல்லியமாக ஞாபகம் வைத்திருந்தவருக்கு, அதை எறியக் கற்றுக்கொடுத்தவனின் பிள்ளை முகம் தெரியவில்லை. இதை வெல்ஷின் குற்றமாக நான் எண்ணவில்லை; பதினாறு வருஷமும் தீவாந்தரமும் சேர்ந்து எந்த முகத்தையும் மாற்றிவிடும். ஆயினும் ஆயுதம், உடுப்பு, பொத்தான் ஆகியவை மனிதனைக் காட்டிலும் நம் ஞாபகத்தில் சுலபமாகத் தங்கிவிடுகின்றன என்பதில் ஏதோ ஒரு நியாயக் குறைவு இருக்கிறது.

பொத்தானுக்கே திரும்புகிறேன். சென்னை எம்.ஆர்.எப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய பன்ஸ்கூல், 1980-களின் பிற்பகுதியிலிருந்து அந்த ஜி.ஐ. ஜோ வீரர்களைச் சிறிய அளவில் நம் நாட்டிலேயே வார்த்து விற்றது. என் அண்ணன் பிள்ளைகளிடம் சில இருந்தன. அமெரிக்க மூலத்தில் ஒரு வர்ணம் இருக்க, நம்முடையதில் வேறு வர்ணம் அமைந்துவிடும். இன்று அந்த வர்ண மாறுதல்களுக்காகவே வெளிநாட்டார் நம் ஊர் உருவங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று நண்பர்தான் எனக்குச் சொன்னார். மூலத்தோடு ஒத்துப்போகாத இடமே அதன் மதிப்பு என்றால், வெள்ளைப் பொத்தானுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமலிருந்து, “அது பொம்மையோட சரித்திரம் சார். நான் செய்யறது ஆளோட சரித்திரம்” என்றார். அந்த மூதாட்டியும் ஆளைத்தானே சொன்னாள் என்று எனக்கு உடனே தோன்றியது, சொல்லவில்லை.

வேறொரு நாள், கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கி, இன்னொன்றைக் கேட்டேன். நம் கண்ணெதிரே ஒரு சேனை காலை ஏழு மணிக்கு வேனில் ஏறி, பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலைக்குப் போகிறதே, அதில் ஒருவரைச் செய்தால் என்ன? நைலான் ஆகாது என்று பருத்தி உடுப்பு; வெறுங்கால்; மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்த செப்புத் தகட்டில் வைக்கும் உள்ளங்கை; மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெள்ளியாக அப்பிக்கிடக்கும் அலுமினியப் பொடி. அந்த வெள்ளி நிறத்தை இவரைப்போலக் கொண்டுவர யாரால் முடியும்! அளவு பிசகினால் உயிர் போகும் தொழிலில், துல்லியம் என்பது ரசனையாக இல்லாமல் பிராணனாகவே இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பதை இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வளையல், அரைஞாண், சட்டைத் துணியின் ஒரு மூலை.

நண்பருடைய முகம் மாறிவிட்டது. “தெரிஞ்ச முகத்தைச் செய்யக் கை வராது சார்” என்றார்.

அந்தப் பதில் பொத்தானை விட ஆழமாக என்னுள் இறங்கியது. முகம் தெரியாதவனுடைய உடுப்பில் பூரண சுத்தம் காண்பதற்கும், முகம் தெரிந்தவனுக்காகக் கை நடுங்குவதற்கும் என்ன சம்பந்தம்? சரித்திரத் துல்லியம் என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு, துக்கம் எட்ட முடியாத தூரத்தில் நிற்கும் சௌகரியமோ என்று சந்தேகம் வருகிறது. அப்படி எண்ணிய மறுகணமே அது அநியாயமான சந்தேகம் என்றும் படுகிறது. ஏனெனில் ஒரு துண்டு வேட்டியை இருமுறை சாயத்தில் தோய்த்து, ஜாதி பேசித் தள்ளப்பட்ட ஒரு படைக்கு அதன் மெய்யான நிறத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதரை, துக்கத்துக்கு அஞ்சியவர் என்று சொல்ல நான் யார்?

சாத்தூரில் எனக்குத் தெரிந்த பென்ஷன் பட்டாளத்துக்காரர் ஒருவரிடம், யாருடைய கதை என்று சொல்லாமல், பொத்தான் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தேன். “பரேடுன்னா எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும். முன்னால போயிட்டா, கையில எது கிடைக்குதோ அதைத் தச்சுக்கிடுவோம்” என்றார். அப்படியானால் நண்பருடைய அவல்தார் வாதம் பாதி விழுந்துவிடுகிறது. ஆனால் விழுந்த பாதியின் இடத்தில் மூதாட்டியின் வெள்ளைப் பொத்தான் தானாக வந்து உட்கார்ந்துவிடுவதில்லை. கிடைத்தது பச்சையோ பழுப்போ, வெறும் நூலோ, யார் கண்டார்கள்?

ரங்கூனுக்கு அருகே தௌக்யான் மயானத்தின் நினைவுத் தூண்களில், பர்மாவில் இறந்து கல்லறை தெரியாது போன ஏறக்குறைய 27,000 பேருடைய பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பொத்தானைச் சொல்ல மகள் இல்லை. பொதுவான பச்சைச் சட்டை ஒன்றே அவர்களுக்கு எஞ்சிய உருவம். அந்தச் சட்டையைப் பிசகில்லாமல் தைப்பது அவர்கள் அனைவருக்கும் செய்யும் கடன் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மகள் இருக்கும் ஒருவனையும் அந்தப் பொதுச் சட்டைக்குள் கரைத்துவிடுவது எப்படிக் கடனாகும் என்று இன்னொரு நாள் நினைக்கிறேன். நண்பர் தாமாக முடிவு செய்யாமல், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூதாட்டியோ அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. தீபாவளி கழிந்து நண்பர் மறுபடி கேட்பார். அப்பொழுதாவது என்னிடம் பதில் இருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியவில்லை.