பார்த்து வந்தோம், என்ன எடுத்து வந்தோம்?

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பூமியில் பயணம் செய்து, முன் சென்றவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. இன்று நம்மில் பலர் துருக்கி வரை போய் வருகிறோம். கைபேசி நிறையப் படங்களோடு திரும்புகிறோம். ஓர் ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்போது படிப்பினையாக ஆகிறது? இதை நாம் யோசிக்க வேண்டும்.

அனடோலியாவின் நடுவே இருக்கும் பழைய நகரமான கைசேரியை எடுத்துக்கொள்வோம். நகருக்குத் தெற்கே 3,917 மீட்டர் உயரத்தில் எர்ஜியெஸ் மலை நிற்கிறது. உச்சியில் பனி, உள்ளுக்குள் அது எரிமலை. ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பாக ஓடியது ஆறிக் கல்லானது. அப்படிப்பட்ட எரிமலைக் கல்லை வெட்டித்தான் அவ்வூரின் பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் கட்டினார்கள். மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று சிந்திக்கச் சொல்கிறானே அல்லாஹ், அந்தச் சிந்தனைக்கு இந்த மலை ஒன்றே போதும்.

நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் குல்தெபே என்ற மேடு இருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இராக்கிலிருந்து வியாபாரிகள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு அங்கே வந்தார்கள். அவர்கள் எழுதி வைத்த களிமண் ஓடுகள் 20,000-க்கும் மேல் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. கடிதங்கள், கணக்குகள், சாட்சிகளின் முத்திரையோடு கடன் பத்திரங்கள். கடன் தீர்ந்தால் அந்த ஓட்டை உடைத்துவிடுவது அவர்கள் வழக்கம். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. உடைக்கப்படாத ஓடு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

சகோதரர்களே! ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவர் மீது கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உண்டு, அதை அடைக்க எதையும் விட்டுச்செல்லவில்லை என்றதும், தோழர்களையே தொழவைக்கச் சொன்னார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். மனிதன் மண்ணுக்குள் போனாலும் கடன் கூடவே போய்விடாது. அந்த ஓட்டைப் பார்க்கும் கண், தன் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

இனி நகருக்குள் வருவோம். சல்ஜூக் சுல்தான் கிலிஜ் அர்ஸலானின் மகள் கெவ்ஹெர் நெசிபே. தம் பெயரில் மருத்துவமனை எழ வேண்டும் என்று வஸிய்யத் செய்துவிட்டு அவர் மறைந்தார். அவருடைய சகோதரர் சுல்தான் கைகுஸ்ரவ், ஹிஜ்ரி 602-இல், அதாவது 1206 வாக்கில், அதைக் கட்டி முடித்தார். பக்கத்திலேயே மருத்துவம் கற்பிக்கும் மத்ரஸா. இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகம். அரண்மனையில் பிறந்த பெண்ணை 800 ஆண்டுகள் கழித்தும் நாம் நினைப்பது நோயாளிகளுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தினால்தான். ஸதகத்துல் ஜாரியா என்று நாம் சொல்வது இதைத்தான்.

“மனமகிழ்ச்சிக்காக ஊர் சுற்றுவது தவறா, ஹஜ்ரத்?” என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. ஹலாலான மகிழ்ச்சியை மார்க்கம் தடுக்கவில்லை. குடும்பத்தோடு போங்கள், மலையைப் பாருங்கள், மனம் லேசாகட்டும். ஆனால் வாசலில் வந்து நிற்கும் கடன்காரரிடம் “அடுத்த மாதம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினால், அந்தப் பயணம் அவருடைய பணத்தில் நடக்கிறது. அவர் மனம் நோக நாம் எடுத்த படத்தில் நமக்கு என்ன பரக்கத் கிடைக்கும்?

ஆகவே புறப்படும் முன் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். பார்க்கும் இடத்தில், இது யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்போம். திரும்பி வந்ததும் நம் மஹல்லாவில் ஒரு நோயாளியின் மருந்துச் செலவையோ, ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்பையோ ஏற்போம். அரசர் மகள் மருத்துவமனையே கட்டினார். நம்மால் ஒரு மருந்துச் சீட்டுக்காவது பணம் கட்ட முடியும்.

யா அல்லாஹ்! படிப்பினை பெறும் கண்களைத் தருவாயாக! கடனோடு எங்களை மரணிக்கச் செய்யாதிருப்பாயாக! எங்களுக்குப் பின்னும் பயன் தரும் நற்செயலை எங்கள் கைகளால் நிறைவேற்றுவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.